களைக்கொல்லியும் நமது சங்கங்களின் கடமையும்

விவசாயிக்கு வெள்ளமும் வறட்சியும் எவ்வளவு பழைய பகையோ, அவ்வளவு பழைய பகை களையும். வெள்ளம் சில ஆண்டுகளில் வரும். சில ஆண்டுகளில் வராது. களையோ ஒவ்வொரு போகத்திலும் தவறாமல் வருகிறது. அதைப் பறிக்க ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். கூலி கொடுக்கச் சித்தமாக இருந்தாலும், வேண்டிய நாளில் ஆள் கிடைக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தக் கஷ்டம் மற்ற இடங்களைவிட அதிகம். 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்த நாள் முதல், வயலில் இறங்கிய கால்கள் ஆலை வாசலை நோக்கி நடக்கத் தொடங்கின. அதை யாரும் குறை கூறுவதற்கில்லை. எஞ்சியிருக்கும் நெல் வயல்களிலும் கீரைப் பாத்திகளிலும் பூந்தோட்டங்களிலும் களை பறிப்பவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண்களே. இந்நிலையில் ஒரு புட்டியை வாங்கி நீரில் கலந்து தெளித்தால் இரண்டு நாளில் பாத்தி சுத்தமாகிவிடும் என்று சொன்னால், அதை வாங்காத விவசாயி அபூர்வம்.

ஆகவே, களைக்கொல்லியை உபயோகிக்கும் அங்கத்தினர்களைக் கண்டிப்பது நமது நோக்கமன்று. ஆனால் அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் வெளிப்படையாகப் பேச வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்கிறது. அதன் பெயர் பாராகுவாட். கடைகளில் பல வியாபாரப் பெயர்களில் விற்கப்படும் இந்தச் சரக்கை, சட்டம் அனுமதித்தாலும், கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள் விற்கலாகாது என்பதே நமது அபிப்பிராயம். அதற்கான காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

இது என்ன பொருள்?

பாராகுவாட் என்னும் இரசாயனம் 19-ம் நூற்றாண்டிலேயே ஆய்வுக்கூடங்களில் தயாரிக்கப்பட்டது. அதற்குச் செடியைக் கொல்லும் சக்தி உண்டென்று 1955-ல் பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஜீலாட்ஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தார்கள். 1962-ல் 'கிராமாக்சோன்' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. நம் நாட்டில் 100-க்கு 24 பங்கு செறிவுள்ள திரவமாகப் பெரும்பாலும் விற்கப்படுகிறது.

அது வேலை செய்யும் விதம் கவனிக்கத் தக்கது. பச்சை இலை சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும்போது, அந்த ஒளியின் சக்தியைப் பாராகுவாட் இடைமறித்து, காற்றிலுள்ள பிராணவாயுவின் மீது திருப்பிவிடுகிறது. அதனால் உண்டாகும் கேடு விளைவிக்கும் பிராணவாயு, இலையின் அணுக்களை உள்ளிருந்தே எரித்துவிடுகிறது. காலையில் தெளித்தால் மாலைக்குள் இலை கருகத் தொடங்குவது இதனால்தான். விவசாயிக்கு அது அதிசயமாகவே தோன்றும்.

ஆனால் பிராணவாயுவைக் கொண்டு வாழ்வது இலை மட்டுமன்று, மனிதனும்தான். பாராகுவாட் உடலினுள் சென்றால், நுரையீரலின் அணுக்கள் அதைத் தமக்குத் தேவையான ஓர் இயற்கைப் பொருள் என்று எண்ணியதுபோல் உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. இலையில் நடந்த அதே காரியம் அங்கே நடைபெறுகிறது. சிறுநீரகமும் கெடுகிறது. நுரையீரல் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தழும்பேறி, இறுகி, சுருங்கி விரியும் தன்மையை இழக்கிறது. மூச்சுத் திணறும் நோயாளிக்குப் பிராணவாயு கொடுப்பது டாக்டர்களின் முதல் உதவி. இந்த நஞ்சிலோ அதுவே எரியும் நெருப்புக்கு நெய்யாக முடியலாம் என்பதால், டாக்டர்கள் அதைக் கொடுக்கவும் தயங்குகிறார்கள். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து இன்றுவரை உலகில் எங்கும் கிடையாது.

இதைவிடக் கொடுமை வேறொன்று உண்டு. உட்கொண்டவர் முதல் நாளில் நன்றாகவே பேசுவார், நடப்பார். வாயிலும் தொண்டையிலும் புண் காணும். மற்றபடி ஒன்றுமில்லை என்று உறவினர் ஆறுதல் அடைவர். அதற்குள் நஞ்சு தன் வேலையைத் தொடங்கியிருக்கும். ஒடிசாவில் புர்லா மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் 2019-ல் இந்தப் பொருளைத் தடை செய்யக் கோரிக் குரல் எழுப்பினார்கள். நோயாளியின் எதிரே கைகட்டி நிற்க நேரும் டாக்டரின் வேதனை அது.

மஞ்சள் முக்கோணத்தின் பொருள்

பூச்சிமருந்துப் புட்டிகளின் மேல் ஒரு முக்கோணம் அச்சிடப்பட்டிருப்பதை அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறங்கள் அபாயத்தின் அளவைக் குறிக்கின்றன. பாராகுவாட்டின் மேல் இருப்பது மஞ்சள். 'சிவப்பு அல்லவே, இது சற்றுச் சாதுவானது' என்று எண்ணுவது சகஜம். இந்த எண்ணமே தவறு. முறிவு மருந்து உண்டா இல்லையா என்பதை முக்கோணத்தின் நிறம் சொல்வதில்லை. சிவப்பு முக்கோணமுள்ள சில பூச்சிக்கொல்லிகளுக்கு, தக்க சமயத்தில் ஆஸ்பத்திரி சென்றால், முறிவு மருந்து கொடுத்து உயிரை மீட்க முடிகிறது. மஞ்சள் முக்கோணமுள்ள இதற்கு அது இல்லை.

மேலும், நமது பேச்சு வழக்கில் இதற்குப் 'புல் மருந்து' என்று பெயர். நஞ்சை மருந்து என்று அழைத்துப் பழகிய நாக்கு, அதை வீட்டு மாடத்தில் தைல பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கவும் கூசுவதில்லை. மீதமானதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி மூலையில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு வரும் குழந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, அல்லது அந்தப் புட்டியின் மேல்தான் ஏதேனும் எழுதியிருக்கிறதா?

உட்கொண்டால்தானே அபாயம் என்று கேட்கலாம். முதுகில் சுமக்கும் தெளிப்பான் ஒழுகினால் முதுகு நனைகிறது. நனைந்த சட்டையோடு பகல் முழுவதும் உழைக்கும் கூலியாளின் தோலில் வெடிப்போ சிராய்ப்போ இருந்தால், அதன் வழியாகவும் நஞ்சு உட்செல்லும். இவ்விதமாகவே உயிரிழந்தவர்களைப் பற்றி மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நீண்ட கால விளைவும் சாதாரணமானதன்று. அமெரிக்காவில் விவசாயக் குடும்பங்களை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வொன்று, பாராகுவாட்டைக் கையாண்டவர்களுக்குக் கைநடுக்க நோயான பார்க்கின்சன் நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் கண்டதாகத் தெரிவித்தது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு பற்றிய வாதம் விஞ்ஞானிகளிடையே இன்னும் முடியவில்லை. ஆனால் முடியும்வரை காத்திருக்க வேண்டியது நமது அங்கத்தினரின் கையா என்பதே கேள்வி.

மண்ணும் ஏரியும்

பாராகுவாட் மண்ணில் பட்டவுடன் களிமண்ணோடு இறுகப் பற்றிக்கொண்டு செயலிழந்துவிடும் என்று விற்பவர்கள் கூறுவார்கள். அது உண்மையே. ஆனால் செயலிழப்பது வேறு, அழிந்துபோவது வேறு. மண்ணைப் பற்றிய அந்த இரசாயனம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்குகிறது. போகந்தோறும் தெளித்தால் போகந்தோறும் சேருகிறது. மழை வண்டலை அடித்துச் செல்லும்போது, வண்டலோடு அதுவும் செல்கிறது.

நமது வட்டாரத்தில் வண்டல் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால்கள் கூவத்தில் சேருகின்றன. அல்லது ஏரிகளில் விழுகின்றன. பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி சென்னை நகரம் குடிக்கும் நீர். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் ஏற்கெனவே கழிவுநீரால் வருந்துகின்றன. இவற்றில் படரும் ஆகாயத் தாமரையையும் பாசியையும் களைக்கொல்லி ஊற்றி அழிக்கலாமே என்று யோசனை கூறுபவர்களும் உண்டு. பச்சை யாவும் ஒரே நேரத்தில் மடிந்து அழுகினால், நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மிதக்கும். களையை வாரி வெளியே எடுப்பதற்கு ஈடான வைத்தியம் ஏரிக்கு வேறில்லை.

கீரை பயிரிடும் அங்கத்தினர்கள் இதில் விசேஷ கவனம் செலுத்த வேண்டும். கீரை ஒரு மாதத்திற்குள் அறுவடையாகி, கட்டுக்களாகக் கோயம்பேட்டுக்குச் செல்லும் பயிர். ஒரு பாத்தியில் ஆண்டுக்குப் பல தடவை விதைப்பு நடைபெறுவதால், ஒவ்வொரு தடவையும் நிலத்தைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் ஆசை எழுகிறது. பாராகுவாட்டைப் பருத்தி, தேயிலை முதலிய குறிப்பிட்ட சில பயிர்களுக்கே உபயோகிக்க நம் நாட்டில் அனுமதி உண்டு. கீரைக்கு அனுமதி கிடையாது. அனுமதியில்லாத பயிருக்கு இதை வாங்கிச் செல்லும் அங்கத்தினருக்கு, விற்கும் சங்கமே துணை போகிறது என்பதை நிர்வாகிகள் உணர வேண்டும்.

களைதான் ஒழிகிறதா?

அபாயத்தை ஒருபுறம் ஒதுக்கி, லாப நஷ்டக் கணக்கையே பார்ப்போம். பாராகுவாட் பட்ட இடத்தை மட்டும் எரிக்கும், வேருக்குள் இறங்காது. நம் நிலங்களின் பெரும் தொல்லை கோரையும் அருகும். கோரையின் உயிர் கிழங்கில் இருக்கிறது. அருகின் உயிர் மண்ணுக்குள் ஓடும் தண்டில் இருக்கிறது. மேலே கருகிய புல்லைக் கண்டு விவசாயி மகிழ்ந்திருக்கையில், கீழே இருக்கும் கிழங்கு சில நாட்களில் புதுத் துளிர் விடுகிறது. மறுபடியும் புட்டி, மறுபடியும் செலவு. சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் இவ்விதம் கருகிய இலையாகக் காற்றில் பறக்கிறது.

பிற நாடுகளின் அனுபவம்

இந்தச் சரக்கை வேண்டாமென்று ஒதுக்கிய நாடுகள் பல. சுவிட்சர்லாந்து 1989-லேயே விலக்கியது. ஐரோப்பிய யூனியனில் 2007-ல் நீதிமன்றத் தீர்ப்பினால் அனுமதி ரத்தாயிற்று. சீனா 2016-ல் திரவ பாராகுவாட்டின் உள்நாட்டு விற்பனையை நிறுத்தியது. மலேசியா, தாய்லாந்து, பிரேசில் ஆகிய பெரிய விவசாய நாடுகள் 2020-ல் தடை செய்தன. நமது அண்டை மாநிலமான கேரளம் 2011-ல் இதனையும் வேறு பல நஞ்சுகளையும் விலக்கியது.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் இலங்கை. நம்மைப் போன்ற சிறு விவசாயிகள், நம்மைப் போன்ற நெல் வயல்கள். அங்கே 1990-களில் விஷமருந்து அருந்தி உயிரை மாய்த்துக்கொள்வோரின் தொகை உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இருந்தது. அரசாங்கம் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, 2008-க்கும் 2011-க்கும் இடையே பாராகுவாட்டையும் படிப்படியாக நிறுத்தியது. 1995 முதல் 2015 வரையிலான இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 100-க்கு 70 பங்கு குறைந்ததென்றும், சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டனவென்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தென் கொரியாவிலும் 2011-12-ல் இந்த ஒரு களைக்கொல்லி சந்தையிலிருந்து மறைந்தவுடன், அடுத்த இரண்டு ஆண்டுகளில் விஷமருந்து மரணங்கள் ஏறக்குறையப் பாதியாயின. இரு நாடுகளிலும் இதனால் விளைச்சல் வீழ்ந்ததாகத் தெரியவில்லை.

இதன் பொருள் என்ன? மனம் உடைந்த ஒரு நாழிகையில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பல வேளைகளில் உயிரை நிர்ணயிக்கிறது. அந்த நாழிகை கடந்துவிட்டால் பெரும்பாலோர் வாழவே விரும்புகிறார்கள். முறிவில்லாத நஞ்சு வீட்டில் இருந்தால், மனம் மாறியும் பயனில்லை.

இலங்கை 2021-ல் எல்லா இரசாயனங்களையும் ஒரேயடியாக நிறுத்தி விளைச்சலை இழக்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே உரம் உட்பட அனைத்தும் ஒரு போகத்திற்குள் நிறுத்தப்பட்டன; மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை; சில மாதங்களில் அந்த உத்தரவே திரும்பப் பெறப்பட்டது. பாராகுவாட்டை விலக்கியது அப்படியன்று. ஒரே சரக்கு, போதிய அவகாசம், கையில் மாற்று வழி. முன்னது அவசரம், பின்னது விவேகம். நாம் வேண்டுவது பின்னதையே.

சட்டமும் சங்கமும்

1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, மாநில அரசாங்கம் ஒரு பூச்சிக்கொல்லியின் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்தி வைக்கலாம்; மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை விதிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் மத்திய அரசாங்கத்திற்கே அளித்தது. தமிழக அரசாங்கம் 2022-23-ல் தற்கொலைகளைத் தடுக்கும் பொருட்டு ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாட்களுக்கு நிறுத்தியது. எலிப்பசையையும் தடை செய்தது. அந்த ஆறில் பாராகுவாட் இடம் பெறவில்லை.

சட்டம் மெதுவாக நடக்கட்டும். ஆனால் விற்கலாம் என்று சட்டம் சொல்கிறதே அன்றி, விற்றே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இங்கேதான் கூட்டுறவுச் சங்கத்திற்கும் தனியார் கடைக்கும் உள்ள வித்தியாசம் விளங்குகிறது. திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் 1904-ல் தோன்றிய சங்கம், இம்மாநிலத்தின் கூட்டுறவு இயக்கத்திற்கு முதல் வித்து. வட்டிக்குக் கொடுப்பவனிடம் சிக்கி அழிந்த விவசாயியை மீட்பதற்காக விதைக்கப்பட்ட வித்து அது. அங்கத்தினரின் நன்மையே சங்கத்தின் லாபம் என்ற கொள்கையில் 120 ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்த இயக்கம், அங்கத்தினரின் வீட்டுக்குள் முறிவில்லாத நஞ்சை ரசீது போட்டு அனுப்புவது பொருந்துமா?

'நாம் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள்' என்பது நிர்வாகிகள் வழக்கமாகக் கூறும் சமாதானம். வாங்கலாம். ஆனால் சங்கத்தில் விற்கும் சரக்குக்கு அரசாங்கத்தின் அங்கீகாரமே இருப்பதாகக் கிராமத்தார் நம்புகிறார்கள். சங்கம் ஒரு பொருளை விலக்கினால், அந்தச் செய்தி ஊர் முழுவதும் பரவும்; ஏன் விலக்கினார்கள் என்று நான்கு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்வியே பாதி வேலையைச் செய்துவிடும். இதனால் குறையும் விற்பனை லாபமும், நாம் பதிவேடுகளில் காணும் அளவில், சங்கத்தைத் தாழ்த்திவிடக் கூடியதன்று.

'அப்படியானால் கிளைபோசேட் விற்கலாமா?' என்றும் கேட்பார்கள். அதைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015-ல் வகைப்படுத்தியது. வேறு பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. மத்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவின்படி, பயிற்சியும் உரிமமும் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வழியாகவே அதைத் தெளிக்கலாம். ஒரு நஞ்சுக்குப் பதில் மற்றொன்றை அலமாரியில் ஏற்றுவது பரிகாரமாகாது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில், பாராகுவாட்டைக் கொள்முதல் செய்வதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றும்படி அங்கத்தினர்கள் கோர வேண்டும். சங்கத்தை நடத்துவது நிர்வாகக் குழுவாயினும் செயலாட்சியராயினும், அங்கத்தினரின் ஒருமித்த குரலை அலட்சியம் செய்ய இயலாது. கையிருப்பை விற்றுத் தீர்க்க முயலாமல், சப்ளை செய்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டாவதாக, வேண்டாம் என்று சொல்லும் சங்கம் மாற்றையும் காட்ட வேண்டும். வரிசை நடவு செய்த நெல்லுக்குக் கோனோ வீடர் களையை அமுக்கி மண்ணுக்கே எருவாக்குகிறது. தோட்டப் பயிருக்குச் சிறிய விசைக் களையெடுப்பான் இருக்கிறது. தனி விவசாயிக்கு இவற்றின் விலை அதிகம். சங்கம் வாங்கி நாள் வாடகைக்கு விட்டால் எளிது. கீரைப் பாத்தியை முதலில் நனைத்து, களை முளைத்தவுடன் கொத்திக் கிளறிவிட்டுப் பிறகு விதைப்பதும், பூச்செடிகளின் அடியில் வைக்கோல் மூடாக்குப் போடுவதும் பழைய முறைகள்தாம். பலன் குறைந்தவை அல்ல. கோரைக்குக் கோடை உழவே தக்க வைத்தியம். கிழங்கு வெயிலில் காய்ந்து மடியும். திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கிருந்து நிபுணர்களை அழைத்து ஒரு நாள் செயல் விளக்கம் நடத்துவது சங்கங்களுக்குக் கடினமன்று.

மூன்றாவதாக, மற்றப் பூச்சிமருந்துகளைத் தனி அறையிலோ பூட்டிய தனி அலமாரியிலோ வைக்க வேண்டுமென்ற விதியைச் சங்கங்கள் கண்டிப்பாக அனுசரிக்க வேண்டும். அரிசி மூட்டைக்கு அருகே புட்டிகள் நிற்கும் காட்சியைத் தணிக்கையின்போது சில இடங்களில் நாம் காண்கிறோம். வேறு எந்தக் குறைக்கும் அவகாசம் தரலாம். இதற்கு அவகாசம் தருவதற்கில்லை.

நான்காவதாக, வீட்டில் ஏற்கெனவே இந்தச் சரக்கு இருந்தால் என்ன செய்வது என்பதை அறிந்திருக்க வேண்டும். வேறு புட்டிக்கு மாற்றக் கூடாது; வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலரின் யோசனையைக் கேட்க வேண்டும். உடலில் பட்டால் உடனே உடையைக் களைந்து சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வாயில் சிறிதளவு சென்றாலும், நோயாளி சுகமாகத் தோன்றினாலும், 108-ஐ அழைத்துப் புட்டியின் சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் விலை மதிப்பற்றது. கடனாலோ குடும்பத் துயராலோ மனம் தளர்ந்தவர் எவரேனும் இருந்தால், 104 என்ற எண்ணிலோ 14416 என்ற எண்ணிலோ பேசலாம், உதவி கிடைக்கும். கடனே காரணமாயின், சங்கத்தின் செயலாளரிடம் வெளிப்படையாகப் பேச அங்கத்தினர் கூசலாகாது. தவணையை மாற்றி அமைக்க வழி தேடலாம். போன உயிருக்கு வழியில்லை.

நெசவாளர் அங்கத்தினர்கள், இது பயிரிடுபவர் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாவு விரிக்கும் தெருவில் முளைக்கும் புல்லை ஒழிக்க, தறிக்கொட்டகையின் பின்புறத்தைச் சுத்தம் செய்ய, இதே புட்டியை வாங்குபவர்கள் உண்டு. சாயத்திலும் கஞ்சியிலும் ஊறி வெடித்த விரல்களுக்கு இந்த நஞ்சு மிக எளிதில் வழி கண்டுபிடிக்கும். பாவாற்றும் இடத்தில் வெறுங்காலோடு ஓடியாடுவது உங்கள் குழந்தைகளே. மண்வெட்டி பிடித்தால் ஒரு காலை வேளையில் தீரும் வேலைக்கு இது தேவையில்லை.

கடனாகக் கொடுத்த பணத்திற்குச் சங்கம் கணக்குக் கேட்கிறது. விற்ற உரத்திற்கும் விதைக்கும் கணக்கு வைக்கிறது. அங்கத்தினரின் உயிருக்கு மட்டும் கணக்கு வைக்கும் பதிவேடு எதுவும் இல்லை. அந்தக் கணக்கை அங்கத்தினர்களே கேட்க வேண்டும். வரும் பேரவைக் கூட்டத்தில் கேட்பார்கள் என்று நம்புகிறோம்.